பந்திக்கு வராதவர்கள்

ஹிஜ்ரி 18 (கி.பி. 639). ஹிஜாஸில் மழை பொய்த்து, மண் சாம்பலாய்ப் பறந்த ஆண்டு. ஆமுர் ரமாதா, அதாவது சாம்பல் ஆண்டு, என்றே அதற்குப் பெயர். கால்நடைகள் மடிந்துபோக, பாலைவனத்துக் கபீலாக்கள் குடும்பம் குடும்பமாக மதீனாவின் எல்லையில் வந்திறங்கினர்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் திசைதோறும் பொறுப்பாளர்களை நியமித்தார்கள். அந்தி சாய்ந்ததும் அவர்கள் கூடி அன்றைய நிலவரத்தைக் கலீஃபாவிடம் ஒப்புவிக்க வேண்டும். ஷாமிலிருந்து உணவுப் பொருள்கள் வந்தன. விடியுமுன்பே சட்டிகள் அடுப்பேறின.

ஓரிரவு, உண்டவர்களை எண்ணச் சொன்னார்கள், 7,000 பேர். நாமாயிருந்தால் அத்துடன் கணக்கை மூடியிருப்போம்! அன்னாரோ, பந்திக்கு வர இயலாத நோயாளிகளையும் பெண்டு பிள்ளைகளையும் எண்ணச் செய்தார்கள். அது 40,000 என இப்னு ஸஅத் எழுதுகிறார். சில இரவுகளில் இரு தொகையும் இன்னும் ஏறின.

மக்கள் பஞ்சம் தீரும்வரை நெய்யும் இறைச்சியும் தமக்கு விலக்கிக்கொண்டார்கள். எண்ணெயையே உண்டு மேனி கறுத்தது. ஸகாத் வசூலுக்கும் அவ்வாண்டு ஆளனுப்பவில்லை. இத்தனைக்கும் மரணம் நிற்கவில்லை. பத்து ஜனாஸாக்களுக்கு ஒருசேரத் தொழவைத்த நாளும் உண்டு.

மழை பெய்தது. வந்தவர்களை வெறுங்கையோடு விரட்டவில்லை. வழிக்கு உணவும் ஏறிச்செல்ல வாகனமும் கொடுத்து, கலீஃபா தாமே நின்று அவரவர் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள்.