சார்லஸ் ரிஷே

சார்லஸ் ரிஷே (ஆகஸ்ட் 26, 1850 – டிசம்பர் 4, 1935) பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் ஆவார். முன்பு ஒருமுறை உடலில் நுழைந்த நஞ்சோ புரதமோ மீண்டும் நுழையும்போது ஏற்படும் கடும் அதிர்ச்சியைக் கண்டறிந்து, அதற்கு அனாபிலாக்சிஸ் எனப் பெயரிட்டார். இதற்காக 1913 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். ஒரே ஒரு குளவி கொட்டியதால் சிலர் உயிரிழப்பது ஏன் என்பதற்கான விளக்கம் இவரது கண்டுபிடிப்பிலிருந்தே தொடங்குகிறது.

வாழ்க்கை

ரிஷே பாரிஸ் நகரில் பிறந்தார். இவரது தந்தை ஆல்பிரட் ரிஷே அந்நகரில் அறுவை மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். ரிஷே பாரிஸிலேயே மருத்துவம் பயின்று, 1887 இல் உடலியங்கியல் பேராசிரியரானார். நோயைத் தாங்கி நின்ற விலங்கின் குருதியைச் செலுத்தி வேறொரு விலங்கைக் காக்கலாம் என்பதை 1888 இல் எரிக்கூர் என்பவருடன் இணைந்து காட்டினார்.

அனாபிலாக்சிஸ்

1901 இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆய்வுக் கப்பலில் பயணம் செய்த ரிஷேயும் பால் போர்ட்டியரும், கொட்டும் கடலுயிரிகளின் நஞ்சை ஆராய்ந்தனர். பாரிஸ் திரும்பியபின் கடல் அனிமோனின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தினர். சிறிதளவு நஞ்சைக் கொடுத்துப் பழக்கினால் நாய்களுக்கு எதிர்ப்பாற்றல் வளரும் என அவர்கள் எதிர்பார்த்தனர். நடந்தது நேர்மாறானது. முதல் ஊசியை எளிதில் தாங்கிய நெப்டியூன் என்ற நாய், 22 நாட்களுக்குப் பின் அதே அளவு நஞ்சு செலுத்தப்பட்டபோது 25 நிமிடங்களில் இறந்தது. இவ்விளைவுக்குப் பாதுகாப்புக்கு எதிரானது என்னும் பொருள்பட 1902 இல் ரிஷே பெயர் சூட்டினார்.

குளவி நஞ்சும் ஒவ்வாமையும்

குளவி நஞ்சில் பாஸ்போலிப்பேஸ், ஹயலுரோனிடேஸ், ஆன்டிஜென் 5 ஆகிய புரதங்கள் ஒவ்வாமையைத் தூண்டுகின்றன. முன்பு கொட்டுப்பட்ட சிலரது உடலில் இப்புரதங்களுக்கு எதிராக இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் பிறபொருளெதிரி உருவாகியிருக்கும். 1966 இல் இஷிசாகா தம்பதியர் இதனைக் கண்டறிந்தனர். மீண்டும் கொட்டுப்படும்போது ஹிஸ்டமின் முதலிய பொருட்கள் ஒரே நேரத்தில் வெளிப்பட்டு, மூச்சுக்குழல் சுருங்கி, இரத்த அழுத்தம் வீழ்கிறது. உடலைக் காக்க வேண்டிய பிறபொருளெதிரியே கேடு விளைவிக்கிறது.

தமிழ்நாட்டில் பெருங்குளவியைக் கதண்டு என்றும் அழைப்பர். பல கதண்டுகள் ஒருசேரக் கொட்டினால், ஒவ்வாமை இல்லாதவருக்கும் நஞ்சின் அளவாலேயே சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். ஒவ்வாமை உள்ளவருக்கோ ஒரு கொட்டே ஆபத்தானது. அவருக்குத் தொடைத் தசையில் உடனடியாக அட்ரினலின் ஊசி போடுவதே முதல் மருத்துவம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலை போன்ற மலைப்பகுதிகளில் மருத்துவமனையை அடைய ஆகும் நேரம் உயிரைத் தீர்மானிக்கக்கூடியது.

பூச்சியின் முழு உடலிலிருந்து எடுத்த சாறு பயனற்றது என்பதையும், தூய நஞ்சைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செலுத்தினால் ஒவ்வாமை உள்ளவரைக் காக்கலாம் என்பதையும் 1978 இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் நிறுவினர். ரிஷே நாய்களிடம் எதிர்பார்த்து ஏமாந்த விளைவு இவ்வாறு மனிதரிடம் கைகூடியது.

பிற ஈடுபாடுகள்

ரிஷே ஆவியுலக ஆய்வில் பெரிதும் ஈடுபட்டார். போர் எதிர்ப்பாளராகவும் விளங்கினார். ஆயினும் மனித இனங்களுக்கிடையே உயர்வு தாழ்வு உண்டு என நம்பிய இவர், பிரெஞ்சு இனமேம்பாட்டுச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். இக்கருத்துகள் பின்னாளில் கடும் கண்டனத்துக்கு உள்ளாயின. இவர் 1935 இல் பாரிஸில் காலமானார்.