விபுலானந்த அடிகள்: தொண்டராய்ப் பழகிய தலைவர்

திருக்கோவிலிலிருந்து கடலோர வீதியால் வடக்கே சென்றால், நிந்தவூரைத் தாண்டியதும் வருவது காரைதீவு. 1892ஆம் ஆண்டு அவ்வூரில் சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் மகனாகப் பிறந்த மயில்வாகனனே பின்னாளில் சுவாமி விபுலானந்தர் ஆனார். யாழ் நூல் தந்த அறிஞராகவே அவரை நாம் பெரும்பாலும் நினைவுகூருகிறோம். சங்கம் அமைத்து நூறாண்டு கண்டுள்ள நாம், நிறுவனங்களை வளர்க்கும் கலையை அவர் எவ்வாறு கற்றார் என்பதையும் அறிவது நன்று.

கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்ற அவர், ஆசிரியரானார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிலும், 1920இல் லண்டன் பி.எஸ்.சி. பரீட்சையிலும் சித்தியெய்தினார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் பணியேற்றார். அந்த நிலையில் இருந்தவர், 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் பிரமசாரியாகச் சேர்ந்தார். அதிபராக இருந்தவர் பிறர் இட்ட பணியைச் செய்யும் இளந்தொண்டரானார். மடத்தின் சஞ்சிகைகளின் ஆசிரியப் பணியும் அவர் கைக்கு வந்தது. 1924இல் துறவு பூண்டு, மறுவருடம் நாடு திரும்பி, மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். ஏவலுக்குப் பணிந்து பழகியவரிடமே ஏவும் பொறுப்பும் வந்து சேர்ந்தது.

1929இல் மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் அவர் நிறுவிய கல்லூரிக்குத் தம் பெயரை வைக்கவில்லை. தமக்குத் துறவளித்த குருவின் பெயரால் அது சிவானந்த வித்தியாலயம் ஆயிற்று. இரண்டே ஆண்டுகளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அழைக்க, முதல் தமிழ்ப் பேராசிரியராகச் சென்றார். 1939 முதல் 1941 வரை இமயமலையிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்தில் சஞ்சிகைப் பணி செய்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். ஒவ்வொரு முறையும் அவர் விட்டுச் சென்ற பணியை மற்றவர்கள் தாங்கினார்கள், கல்லூரியும் தழைத்தது. தாம் இல்லாதபோதும் நடக்கும்படி ஒரு பணியை அமைப்பதே தலைமை என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

அவரது ஊக்கம் தம் சமயத்தாரோடு நின்றுவிடவில்லை. 1942இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றிய ஏ.எம்.ஏ. அஸீஸ், அடிகளாரோடு நட்புப் பூண்டார். கிழக்கில் முஸ்லிம் பிள்ளைகளின் கல்வி நிலையைக் கண்டு உள்ளம் வருந்திய அவர், 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியத்தை ஏற்படுத்தினார். நல்ல தலைவரின் நிழலில் இன்னொரு சமூகத்தின் தலைவரும் உரம் பெற முடியும் என்பதற்கு எம் கரையே சாட்சி.

1947 ஜூனில் யாழ் நூல் அரங்கேறியது. ஜூலை 19இல் அடிகளார் மறைந்தார். சிவானந்த வித்தியாலய வளவிலேயே அவரது சமாதி உள்ளது.

ஊரிலும் கடல் கடந்தும் வாழும் சகோதரிகளே, எந்தச் சங்கத்திலும் உழைக்கும் கைகள் சிலவே இருப்பதும், அவை ஓய்ந்தால் பணியும் ஓய்வதும் நாம் கண்டதே. பதவியில் இருப்பவர் ஒரு தங்கைக்காவது பொறுப்பைக் கற்றுக்கொடுத்து, உரிய வேளையில் ஒதுங்கி, பின்வரிசையிலிருந்து கைகொடுப்போமானால், அடுத்த நூற்றாண்டும் எம் சங்கத்துக்கு வாய்க்கும். அடிகளாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியும் அதுவாகவே அமையட்டும்.