நாற்றம் மன்றேறிய கதை

இலண்டனில், தேம்ஸ் கரையில், கிராஸ்நெஸ் நீரேற்று நிலையம் இன்று காட்சிச்சாலையாக நிற்கிறது. அங்குள்ள நான்கு நீராவிப் பொறிகளைக் காணும்போது ஜோசப் பாசல்ஜெட்டை நாம் நினைக்காமல் இருக்க முடியுமா?

1819-இல் பிறந்த பொறியாளர் அவர். அந்நாளைய இலண்டன், ஆற்றில் கழிவைக் கொட்டி அதே ஆற்றுநீரைக் குடித்தது. காலரா ஏழைகளை வாரிச் சென்றது. அவர் திட்டம் தீட்டினார், ஆட்சியாளர் இழுத்தடித்தனர். 1858 கோடையில் ஆற்றின் நாற்றம் பாராளுமன்றத்தில் புகுந்தது. குடிசைகளில் வீசியபோது பிறவாத சட்டம், மன்றத்தில் வீசியதும் பிறந்தது!

மண்ணுக்கடியில் 82 மைல் பெருஞ்சாக்கடை அமைந்தது. 1865 முதல் கிராஸ்நெஸ் பொறிகள் கழிவை இறைத்தன. 1866-இல் வந்த காலரா, சாக்கடைப் பணி முடியாத கிழக்குப் பகுதியையே கடுமையாகத் தாக்கியது. வேறு சான்றும் வேண்டுமா?

1891-இல் பாசல்ஜெட் மறைந்தார். பொறிகள் தாங்குவது அரச குடும்பத்தார் பெயர்களை. அவற்றால் பிழைத்த உயிர்களோ அவருக்கே கடன்பட்டவை என்போம் நாம்.