காட்டுயிர் அறிஞர் மா. கிருஷ்ணன்

தமிழ்ப் புதின முன்னோடிகளுள் ஒருவரான அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன். 1912ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்த இவர், காட்டுயிர்களைக் கூர்ந்து நோக்கி எழுதுவதையும் படமெடுப்பதையும் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார்.

காட்டுயிரைப் படமெடுத்தல் எளிதன்று. அருகிற் சென்றால் மான் ஓடிவிடும். பறவை கூட்டைவிட்டு அகலும். தொலைவில் நின்றாலோ உருவம் சிறுத்துவிடும். இவ்விடரைக் களைவது, சேய்மையில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கு வில்லை. ஆயினும் அது கைநடுக்கத்தையும் பெரிதாக்கும். ஆதலின் கருவி அசையாதிருத்தல் வேண்டும்.

கிருஷ்ணன் கடையில் கிடைத்த கருவியோடு அமையவில்லை. ஒரு காமிராவின் உடலையும் மற்றொன்றின் தொலைநோக்கு வில்லையையும் பிற உறுப்புகளையும் தாமே பொருத்தித் தமக்கேற்ற கருவியை அமைத்துக்கொண்டார். அதன் பெருஞ்சுமையைக் கருதி, ‘சூப்பர் பாண்டரோசா’ என வேடிக்கையாகப் பெயரிட்டார். யானை, காட்டெருது முதலியவற்றைக் கறுப்பு வெள்ளைப் படங்களாக்கினார். பத்மஸ்ரீ விருது பெற்றார், 1996இல் மறைந்தார்.

இவர் சென்ற வழி நமக்கும் உரியது. நாஞ்சில் நாட்டுத் தேரூர்க் குளத்தில் நீர்ப்பறவைகள் கூடுகின்றன. அவற்றைக் காணச் செல்வோர் தொலைவில் நின்று, அவற்றின் அமைதி குலையாமல் நோக்குதல் வேண்டும். அதுவே கிருஷ்ணனுக்கு நாம் செய்யும் சிறப்பு.