கால்டுவெல் கண்ட தொடரமைப்பு

அயர்லாந்தில் 1814ஆம் ஆண்டு பிறந்த இராபர்ட் கால்டுவெல், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் பயின்றபோதே மொழிகளை ஒப்பிட்டு ஆராய்வதில் நாட்டம் கொண்டார். சமயப்பணிக்காக 1838இல் சென்னைக்கு வந்து தமிழ் கற்றார். 1841இல் தஞ்சாவூர், நீலகிரி, மதுரை வழியாக நடந்தே திருநெல்வேலிச் சீமையை அடைந்து, இடையன்குடியில் தங்கினார்.

தென்னிந்திய மொழிகள் வடமொழியிலிருந்தே பிறந்தன என்னும் கருத்து அக்கால அறிஞரிடையே வேரூன்றியிருந்தது. எல்லீசு 1816இலேயே அதனை மறுத்திருந்தும், அவர் கருத்துப் பரவலாக அறியப்படவில்லை. தமிழில் கலந்திருந்த வடசொற்களே பிறப்புக்குச் சான்றாகக் காட்டப்பட்டன. சொற்கள் வணிகத்தோடும் சமயத்தோடும் எளிதில் இடம்பெயர்வன; அவற்றைத் தொடராக்கும் முறையோ அவ்வளவு எளிதில் பெயர்வதில்லை. கால்டுவெல் இலக்கண அமைப்பை ஆராயத் தலைப்பட்டார்.

‘புதுக்கோட்டையிலிருந்து வந்த மாணவி சித்தன்னவாசல் ஓவியத்தைக் கண்டாள்’ என்னும் தொடரைக் கருதுக. வினைமுற்று இறுதியில் நிற்கிறது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின் வருகிறது. ஆங்கிலத்திலோ வினை நடுவே அமையும். ‘இருந்து’ என்பதற்கு ஈடான சொல் ஊர்ப்பெயருக்கு முன் நிற்கும். தமிழில் ‘ஐ’ உருபு செயப்படுபொருளைக் காட்டிவிடுவதால், ஓவியத்தை மாணவிக்கு முன்வைத்தாலும் பொருள் கெடாது. ‘வந்த’ என்னும் பெயரெச்சத்தை மட்டும் மாணவிக்குப் பின்னே தள்ள இயலாது. வடமொழி இத்தகைய இடத்தில் தனியொரு இணைப்புப் பெயரைப் பெரிதும் ஆளும். தமிழுக்கு எச்சமே போதும்.

அடை முன்னும் அது தழுவும் சொல் பின்னும் வரும் இம்முறையைத் தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு முதலியவற்றிலும் கால்டுவெல் கண்டார். நீலகிரித் தோடர், கோத்தர் மொழிகளையும் கோண்டு மொழியையும் அவர் விட்டுவிடவில்லை. மூவிடப்பெயர், எண்ணுப்பெயர், வினை ஈறு ஆகியவற்றின் ஒற்றுமைகளையும் சேர்த்து, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். தமிழ் வடமொழியின் துணையின்றித் தனித்து இயங்கவல்லது என்பது அந்நூலின் முடிபுகளுள் தலையாயது. விரிவாக்கிய பதிப்பு 1875இல் வந்தது.

திராவிட மொழிகளைச் சித்தியக் குடும்பத்தோடு இணைக்க அவர் முயன்றதைப் பின்வந்த ஆய்வாளர் பொதுவாக ஏற்கவில்லை. சொல்வரிசை ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. சப்பானிய மொழியிலும் வினை இறுதியில்தான் நிற்கிறது. ஆயினும், வடமொழியிலிருந்து தமிழை வேறுபடுத்திக் காட்டிய பகுதி இன்றும் நிலைபெற்றுள்ளது.

1877இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட பின்னரும் கால்டுவெல் தென்தமிழகத்திலேயே பணியாற்றினார். 1891இல் கொடைக்கானலில் மறைந்த அவரது உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் எழுப்பிய தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.