மண்ணில் தொடங்கும் மருத்துவம்

நோயுற்றவரைக் கண்டால் நோயின் காரணத்தைத் தேடுவது மருத்துவரின் இயல்பு. நலமாக வாழ்வோரைக் கண்டு, அந்நலம் எவ்வாறு வந்தது என்று தேடியவர் இராபர்ட் மெக்காரிசன். அத்தேடல் அவரைச் சமையற்கட்டுக்கும், அங்கிருந்து வயலுக்கும், இறுதியில் வயலுக்கு இடும் எருவுக்கும் அழைத்துச் சென்றது. அதன் பெரும்பகுதி நடந்த இடம், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த நீலகிரிக் குன்னூர்.

மெக்காரிசன் 1878ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்தார். பெல்பாஸ்ட் நகரில் மருத்துவம் பயின்று, 1901இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். இமயத்தின் வடமேற்கு எல்லையிலுள்ள கில்கித்தில் பல ஆண்டுகள் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். அங்கு முன்கழுத்துக் கழலை பரவலாக இருந்தது. ஒரே நீரோட்டத்தை நம்பி வாழ்ந்த சிற்றூர்களில், மேலேயுள்ள ஊரைவிடக் கீழேயுள்ள ஊரில் கழலை மிகுந்திருப்பதை அவர் கண்டார். மேலூரின் கழிவு கலந்த நீரையே கீழூரார் பருகினர். அந்நீரின் கசடைத் தாமும் சில தன்னார்வலர்களும் உட்கொண்டு, விளைவைப் பதிவு செய்தார். அயோடின் குறைவே கழலைக்கு முதன்மைக் காரணம் என இன்று அறிவோம். ஆயினும், ஐயத்தைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்த அந்தத் துணிவு எளிதில் வாய்ப்பதன்று.

கில்கித்தை அடுத்த ஹுன்சாப் பள்ளத்தாக்கு மக்களின் உடல் வலிமை அவரை வியப்பில் ஆழ்த்தியது. முழுத்தானியம், காய்கறி, பால், வாதுமை இனத்தைச் சேர்ந்த ஆப்ரிகாட் பழம், சிறிதளவு இறைச்சி ஆகியவையே அவர்களின் உணவு. மலைச்சரிவில் படிகளாக அமைத்த வயல்களுக்கு எருவைத் தவறாமல் இட்டு வந்தனர். அவர்களை நோயே அறியாதவர்கள் போல மெக்காரிசன் எழுதியது மிகை. பின்னாளில் அங்குச் சென்றோர் நோய்களையும் கண்டனர். எனினும், அங்கு எழுந்த வினா அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை.

1918இல் அவர் குன்னூருக்கு வந்தார். பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே அறையில் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வு தொடங்கியது. நெல்லை ஆலையில் தீட்டும்போது தவிட்டுடன் உயிர்ச்சத்தும் நீங்குகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி கழுநீரோடு போய்விடுகிறது. நெல்லைப் புழுக்கினால் அச்சத்து அரிசியின் உள்ளே இறங்கித் தங்குகிறது. நம் வீடுகளில் புழுங்கலரிசிக்கு இருந்த இடம் வெறும் சுவை பற்றியதன்று என்பதற்கு இத்தகைய ஆய்வுகள் சான்றாயின.

1923இல் அரசு சிக்கன நடவடிக்கையாக இவ்வாய்வை நிறுத்தியது. இரண்டு ஆண்டுகள் கழித்தே பணி மீண்டும் உயிர்பெற்றது. பின்னர் 1928இல் அந்த ஓரறை ஆய்வு, ஊட்டச்சத்து ஆராய்ச்சி ஆய்வகமாக வளர்ந்தது. மெக்காரிசனே அதன் முதல் இயக்குநர்.

அவர் நடத்திய உணவுச் சோதனைகள் புகழ் பெற்றவை. இந்தியாவின் பல்வேறு பகுதி மக்களின் உணவை வெள்ளை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, வெண்ணெய், பால், முளைவிட்ட பயறு, பச்சைக் காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு செழித்தன. வரிசையின் கடைசியில் நின்றது தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவு. தமிழர்க்கு இது கசப்பான முடிவுதான். ஆனால் குறை அரிசியில் இல்லை, அதைத் தீட்டிய ஆலையிலும், பாலும் காய்கறியும் அருகிய வறிய தட்டிலும் இருந்தது. வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், டப்பா இறைச்சி, சர்க்கரையிட்ட தேநீர் என ஆங்கில ஏழைகளின் உணவை உண்ட எலிகளோ வளர்ச்சி குன்றி, ஒன்றையொன்று கடித்துக் கொன்றன.

தானியத்தின் தரம் எங்கே முடிவாகிறது என்பதே அடுத்த வினா. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் தொழுவுரம் இட்ட நிலமும் வேதியுரம் இட்ட நிலமும் எருவே இடாத நிலமும் 1909 முதல் அருகருகே பயிரிடப்பட்டு வந்தன. அங்குப் பணியாற்றிய வேளாண் வேதியியலார் விஸ்வநாத்துடன் இணைந்து, வெவ்வேறு உரமிட்டு விளைந்த சிறுதானியத்தையும் கோதுமையையும் மெக்காரிசன் விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். தொழுவுரத்தில் விளைந்த தானியம் ஊட்டத்தில் மேம்பட்டிருந்ததாக 1926இல் இருவரும் அறிவித்தனர். பிற நாடுகளில் பின்னர் நடந்த சோதனைகள் அனைத்தும் ஒரே விடையைத் தரவில்லை என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ஆனால் நெல்லின் விளைச்சலை மூட்டைக் கணக்கில் மட்டும் அளந்து வந்த காலத்தில், அதை உண்பவரின் உடலைக்கொண்டு அளக்க வேண்டும் என்ற எண்ணமே புதிது.

1933இல் சர் பட்டம் பெற்ற அவர், 1935இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து சென்றார். 1939 மார்ச்சில் செஷயர் மாவட்டக் குடும்ப மருத்துவர்கள் கூட்டிய கூட்டத்தில் மெக்காரிசனும், இந்தூரில் மட்குரம் செய்யும் முறையை வகுத்த ஆல்பர்ட் ஹோவர்டும் ஒரே மேடையில் பேசினர். மருத்துவரும் உழவியலாரும் மண்ணைப் பற்றிக் கூடிப் பேசியது அரிய காட்சி. இயற்கை வேளாண்மை இயக்கத்தின் தொடக்க நூல்கள் பலவற்றில் குன்னூர் ஆய்வுகள் இடம்பெற்றன.

அவர் காலத்து விவாதம் பெரும்பாலும் உரத்தோடு நின்றது. டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லிகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே வயல்களில் பெருகின. அதன்பின், பயிருக்கு மகரந்தம் சேர்க்கும் தேனீயும் அந்நஞ்சுக்கு இரையாவது கவலைக்குரியதாயிற்று. நீலகிரியின் செங்குத்துப் பாறைகளில் கொடியேணி கட்டி இறங்கி மலைத்தேன் எடுக்கும் குறும்பர்க்குக் காடும் பூவும் தேனும் ஒரே வாழ்வு. ஆய்வகம் உரத்தில் கண்ட தொடர்பு, தேனீயின் வழியே இன்னும் விரிந்தது.

மெக்காரிசன் 1960இல் ஆக்ஸ்போர்டில் மறைந்தார். அவருடைய ஆய்வகம் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்திருந்தது; 1969 முதல் அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரில் இயங்குகிறது. கோவையில் 1909இல் வகுத்த அந்த உரச் சோதனை வயல்கள், கல்லூரி பல்கலைக்கழகமாக வளர்ந்த பின்னரும், நூறாண்டைக் கடந்து தொடர்ந்து பயிரிடப்பட்டு வருகின்றன.