அயல்நாட்டுப் போரும் வரகனேரி ஐயரும்

நம் இலக்கிய வட்டம் தன் பத்தாண்டு நிறைவை ஒட்டி வெளியிடும் இம்மலருக்கு, திருச்சிராப்பள்ளி மண்ணோடு தொடர்புடைய ஒருவரைப் பற்றி எழுதுமாறு அன்பர்கள் பணித்தபோது வ.வே.சு. ஐயரின் பெயரே முதலில் என் நினைவுக்கு வந்தது. சிறுகதை முன்னோடி, கம்பனில் தோய்ந்தவர், குறளை ஆங்கிலத்தில் தந்தவர் என்று அவரைப் பற்றிப் பலரும் பலவாறு எழுதியுள்ளனர். அவற்றை மீண்டும் அடுக்குவது என் நோக்கமன்று. தமக்கு எவ்வகை உறவும் இல்லாத நாடுகளின் போராட்டங்களில் ஒரு பக்கம் சார்ந்து நின்ற மனிதராக அவரைக் காண முயல்கிறேன்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வன்னியில் நடந்த போரை நிறுத்தக் கோரித் தமிழகமெங்கும் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர். எங்கள் மாணவியரும் வேப்பமரத்தடியில் அமர்ந்துவிட்டனர். மூத்த பேராசிரியர் ஒருவர், இவர்கள் இங்கே அமர்ந்திருப்பதால் அங்கே விழும் குண்டுகளில் ஒன்றேனும் குறையுமா என்று என்னிடம் கேட்டார். என்னிடம் விடை இல்லை. ஈழம் நமக்கு மொழியாலும் குருதியாலும் உறவு. அதற்கே இவ்வினா எழுந்தது. அண்மைக் காலத்தில் காசாவைப் பற்றியும் உக்ரைனைப் பற்றியும் மாணவியர் என்னிடம் பேசும்போது, அதே வினா இன்னும் கூர்மையாக எழுகிறது. அன்று வகுப்பில் நான் நடத்த வேண்டியிருந்த பாடம் ‘குளத்தங்கரை அரசமரம்’. அதன் ஆசிரியர் இவ்வினாவைத் தம் வாழ்க்கையாகவே வாழ்ந்து பார்த்தவர் என்பது எனக்குப் பின்னரே புலப்பட்டது.

திருச்சிராப்பள்ளி காந்தி சந்தைக்கு அருகில் உள்ளது வரகனேரி. வேங்கடேச ஐயரின் மகனாக 1881 ஏப்ரல் 2-ஆம் நாள் பிறந்த சுப்பிரமணியம் வளர்ந்தது அங்கேதான். ஊர்ப்பெயரின் முதலெழுத்தும் தந்தை பெயரின் முதலெழுத்தும் சேர்ந்தே அவர் வ.வே.சு. ஆனார். புனித வளனார் கல்லூரியில் வரலாறு, அரசியல் ஆகியவற்றோடு இலத்தீனும் பயின்று பட்டம் பெற்றார். உரோமாபுரியின் மொழியைக் காவிரிக்கரையில் கற்ற இளைஞருக்கு, பிற்காலத்தில் இத்தாலியின் விடுதலைப்போர் அயலதாகத் தோன்றாமற் போனதில் வியப்பில்லை. பின்னர் வழக்கறிஞர் தேர்வில் தேறி, திருச்சி மாவட்ட நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். 1906-இல் இரங்கூன் சென்றார். அடுத்த ஆண்டு பாரிஸ்டர் பட்டம் பெறும் விருப்பத்தோடு இலண்டன் சென்று இலிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்தில் சேர்ந்தார். அதுவரை அவர் வாழ்க்கை, மனைவி பாக்கியலட்சுமியும் குடும்பமும் எதிர்பார்த்த பாதையிலேயே சென்றது எனலாம்.

இலண்டனில் சியாம்ஜி கிருஷ்ணவர்மா நிறுவிய இந்தியா விடுதியே அவரை மாற்றிற்று. சாவர்க்கர் அங்கே தலைமை தாங்கினார். திருவரங்கத்திலிருந்து மருத்துவம் கற்கச் சென்ற தி.சே.சௌ. ராஜனும் ஐயரோடு அங்கிருந்தார். அவ்விடுதியில் இந்திய விடுதலையைப் பற்றி மட்டும் பேசவில்லை. இத்தாலியின் மாஜினியையும் அயர்லாந்தின் கிளர்ச்சியையும் பற்றி இரவெல்லாம் பேசினர். சாவர்க்கர் மாஜினியின் தன்வரலாற்றை மராத்தியில் பெயர்த்தார். ஐயர் கரிபால்டியின் வரலாற்றைத் தமிழில் எழுதினார். பாரதியாரின் ‘இந்தியா’ இதழுக்கு அவர் எழுதியனுப்பிய இலண்டன் கடிதங்கள் வழியே, திண்ணையில் அமர்ந்து இதழ் படித்த தமிழர்க்கு ஐரோப்பாவின் அரசியல் அண்டை வீட்டுச் செய்தி போலாயிற்று.

கரிபால்டியை அவர் தெரிந்தெடுத்தது ஆழ்ந்து நோக்கத்தக்கது. இத்தாலியின் வீரர் என்று நாம் போற்றும் அவர், தம் இளமையின் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தென்னமெரிக்காவில் பிறர் போர்களில் ஈடுபட்டவர். பிரேசிலின் தென்பகுதிக் கிளர்ச்சியாளருக்காகவும் பின்னர் உருகுவே நாட்டுக்காகவும் போரிட்டார். 1860-இல் ஆயிரவர் படையோடு சிசிலியில் இறங்கியது அதன் பிறகே. முதுமையிலும் அவர் ஓயவில்லை. 1870-இல் பிரஷ்யப் படைகள் பிரான்சுக்குள் புகுந்தபோது, அறுபது வயதைக் கடந்து மூட்டு நோயோடு இருந்த நிலையிலும் பிரெஞ்சுக் குடியரசுக்காகப் படை நடத்தச் சென்றார். அயல்நாட்டாரின் வழக்கில் தலையிடுதல் வீண் என்று கருதுவோர்க்கு இவ்வாழ்க்கை ஒரு மறுப்பாகும்.

ஆயினும் இந்தியா விடுதியினரின் அயல்நாட்டு ஈடுபாடு அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. 1909-இல் மொராக்கோவின் ரிப் மலைமக்கள் ஸ்பெயினை எதிர்த்துப் போரிட்டனர். சென்னையைச் சேர்ந்த எம்.பி.டி. ஆச்சார்யாவும் சுக்சாகர் தத்தரும் அவர்களோடு சேர்ந்து போரிட விடுதியிலிருந்து புறப்பட்டனர். ஜிப்ரால்டர் வரை சென்றும் அம்மலைமக்களின் அணியை அவர்களால் அடைய இயலவில்லை, முயற்சி பொய்த்தது. போர்ப்பயிற்சி பெற்று அதனை இந்தியாவில் பயன்படுத்துவதே அப்பயணத்தின் முதல் நோக்கம். ரிப் மக்களின் துன்பம் அவர்களுக்குப் பாடசாலையாக அமைந்ததேயன்றி, அத்துன்பமே பொருளாக அமையவில்லை. இதனைக் குறையாகச் சொல்ல எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. அடிமை நாட்டு இளைஞர்க்கு வேறு எந்தப் பயிற்சிக்களம் கிடைத்திருக்கும்? ஆயினும் பிறர் போரை நம் தேவைக்குக் கருவியாக்குதல் வேறு, பிறர்க்காக நிற்றல் வேறு. நம் மேடைகளிலும் இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுவதை நாம் காணாமல் இல்லை.

அதே ஆண்டு அக்டோபரில் இலண்டனில் நடந்த விசயதசமி விருந்தை டாக்டர் ராஜன் தம் ‘நினைவு அலைகள்’ நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார். மாணவர்களே சமைத்தனர். மெலிந்த உருவினர் ஒருவர் வந்து, ஏதும் பேசாமல் சமையற்கட்டு வேலைகளில் கைகொடுத்தார். ஐயர் வந்து பார்த்த பின்னரே அவர்தாம் விருந்துக்குத் தலைமை தாங்க அழைக்கப்பட்ட காந்தியடிகள் என்பது மற்றவர்க்குத் தெரிந்தது. திருவரங்கத்து மருத்துவரும் வரகனேரி வழக்கறிஞரும் தென்னாப்பிரிக்கத் தலைவரும் ஓர் அயல்நாட்டுச் சமையலறையில் கூடிய அக்காட்சியை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. டிரான்ஸ்வால் இந்தியர்களின் துயரை எடுத்துரைக்கவே காந்தியடிகள் இலண்டன் வந்திருந்தார். அத்துயருற்றோரில் பெருந்தொகையினர் தமிழர். அவரே அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் போயர் போரில் ஏறத்தாழ 1,100 பேர் கொண்ட இந்திய மருத்துவ உதவிப் படையை ஆங்கிலேயர் பக்கம் நடத்தியவர். தம் உள்ளத்தின் பரிவு போயர்கள் பக்கமே இருந்தது என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். எப்பக்கம் நிற்பது என்பது பெரியோர்க்கும் எளிதாக விடை கிடைக்காத வினாவாகவே இருந்திருக்கிறது.

1910 மார்ச்சில் சாவர்க்கர் கைதானார். ஐயர் பாரிஸ்டர் தேர்வுகளில் தேறியிருந்தும் அரசருக்கு விசுவாச உறுதிமொழி கூற மறுத்துப் பட்டத்தைத் துறந்தார். மாறுவேடத்தில் பல நாடுகளைக் கடந்து அவ்வாண்டின் இறுதியில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். திருச்சியிலிருந்து ஓரிரவுப் பயணத்தில் அடையக்கூடிய ஊர் அது. ஆயினும் வரகனேரிக்குத் திரும்ப அவருக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. தொலைவிலுள்ள போராட்டங்களில் சார்பெடுப்பது செலவில்லாத வீரம் என்று சிலர் கூறுவர். ஐயரைப் பொறுத்தவரை அதன் செலவு தொழில், ஊர், உறவு ஆகிய மூன்றுமாகும்.

புதுச்சேரியில் பாரதியார், அரவிந்தர் ஆகியோரின் அண்மை வாய்த்தது. துப்பாக்கிப் பயிற்சியும் நடந்தது. 1911 ஜூன் 17-இல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் அங்கே ஐயரிடம் பயிற்சி பெற்றவர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. பின்னர் 1914-இல் ஐரோப்பியப் போர் மூண்டது. செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசியது. போர் எங்கோ நடக்கிறது என்று இருந்த தமிழர் அன்றிரவு விழித்துக்கொண்டனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல்கடந்து அப்போருக்கு அனுப்பப்பட்டனர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மீளவில்லை. நாம் பக்கம் சாராவிட்டாலும், நம்மை ஒரு பக்கத்தில் நிறுத்தும் ஆற்றல் ஆள்வோரிடம் இருந்தது.

பிரான்சும் இங்கிலாந்தும் நட்பு நாடுகளாயின. புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தவர்களை அல்சீரியாவுக்கு அனுப்பிவிடும்படி ஆங்கில அரசு வற்புறுத்திற்று. எந்த நாளும் கப்பலேற்றப்படலாம் என்ற அந்நிலையில்தான் ஐயர் திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்க்கும் பணியை மேற்கொண்டார். நூல் 1916-இல் வெளிவந்தது. ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915-இல் வந்தது. தாகூரின் கதையொன்றின் சாயல் அதில் உண்டு என்று ஆய்வாளர் காட்டியுள்ளனர். அதனால் அதன் இடம் குறைந்துவிடவில்லை. அவர் தொகுதியில் ‘அழேன் ழக்கே’ என்று பிரெஞ்சுப் பெயரோடு ஒரு கதையும் உண்டு. பெயரை ஒலிக்கவே மாணவியர் இடர்ப்படுவர். தமிழ்ச் சிறுகதை நடைபயிலத் தொடங்கிய காலத்திலேயே அயல்நாட்டு மாந்தரை அதில் உலவவிட்டவர் ஐயர். பிறநாட்டார் மேல் கொண்ட பரிவு அவரிடம் முழக்கமாக மட்டும் நின்றுவிடாமல், மொழி கற்றலாகவும் எழுத்தாகவும் விளைந்தது. அவரிடம் நான் பெரிதும் மதிப்பது இதுவே.

போர் முடிந்தபின் 1920-இல் அவர் தாயகம் திரும்பி, திரு.வி.க.வுக்குப் பின் ‘தேசபக்தன்’ ஆசிரியரானார். அப்போது நாடெங்கும் கிலாபத் இயக்கம் எழுந்திருந்தது. துருக்கிச் சுல்தானின் தலைமையைக் காக்க இந்தியர் கிளர்ந்த அவ்வியக்கத்தில் டாக்டர் ராஜனும் ஈடுபட்டார். திருவரங்கத்து வைணவர் ஒருவர் இசுலாமியத் தலைமைப்பீடத்துக்காக உழைத்தார் என்பதை இன்றைய தலைமுறை நம்புவதும் அரிது. 1924 மார்ச்சில் துருக்கியரே அப்பதவியை ஒழித்துவிட்டனர். யாருக்காகப் போராடினோமோ அவர்களே அதனை வேண்டாமென்றனர். கிலாபத் இயக்கம் வீணே என்று கூறுவோர் இதனைச் சான்று காட்டுவர். எனினும் அவ்வாண்டுகளில் இந்துக்களும் இசுலாமியரும் ஒரே மேடையில் நின்றனர். அதற்கும் நம் ஊர்களில் மதிப்பு இருந்தது. தொலைவில் உள்ளோரின் விருப்பத்தை அறியாமல் அவர்களுக்காகப் பேசுவதில் உள்ள இடரை மட்டும் நாம் மறத்தலாகாது.

தாம் எழுதாத ஒரு கட்டுரைக்காக ஐயர் 1921-இல் ஒன்பது மாதச் சிறைத் தண்டனை பெற்றார். பெல்லாரிச் சிறையில் கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஆராய்ந்து எழுதினார். ஹோமர், மில்டன் ஆகியோரோடு கம்பனை நிறுத்திப் பார்த்த அந்நூல் அவர் காலத்தில் அச்சேறவில்லை.

விடுதலையான பின் அவர் மேற்கொண்ட பணியே அவர் வாழ்வின் பெருஞ்சோதனையாயிற்று. 1922 இறுதியில் கல்லிடைக்குறிச்சியில் தமிழ்க் குருகுலம் தொடங்கி, பின்னர் அதனைச் சேரன்மாதேவிக்கு மாற்றினார். தமிழ்நாடு காங்கிரசு அதற்கு நிதியுதவி செய்தது. பல சாதிப் பிள்ளைகளும் பயின்ற அங்கே பிராமணச் சிறுவர் இருவர்க்கு மட்டும் தனியே உணவு பரிமாறப்பட்டது. பெற்றோர்க்கு அளித்த வாக்கைக் காப்பதாக ஐயர் விளக்கம் கூறினார். அவர் தாம் எல்லாரோடும் கலந்து உண்பவரே. ஆயினும் பொதுப்பணத்தில் நடக்கும் நிறுவனத்தில் பிறப்பை நோக்கிப் பந்தி பிரிக்கலாமா என்று பெரியார் ஈ.வெ. இராமசாமியும் டாக்டர் வரதராசலு நாயுடுவும் எழுப்பிய வினாவுக்கு அவ்விளக்கம் விடையாகவில்லை. 1901-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர், கறுப்பினத் தலைவர் புக்கர் வாஷிங்டனை வெள்ளை மாளிகை விருந்துக்கு அழைத்தமைக்கே தென்மாநில வெள்ளையர் கொதித்தனர். அச்செய்தியைப் படித்து அவர்களை இகழாத தமிழர் இருக்க மாட்டார். அதே வினா தாமிரபரணிக் கரையில் ஒரு சோற்றிலையாக வந்து நின்றபோது நம் பெரியோர் இரண்டுபட்டனர்.

1925 ஏப்ரல் இறுதியில் தமிழ்நாடு காங்கிரசுக் குழு திருச்சிராப்பள்ளியிலேயே கூடிற்று. பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்னும் தீர்மானம் நிறைவேறியது. இராசாசியும் டாக்டர் ராஜனும் வேறு சிலரும் குழுவினின்றும் விலகினர். சமூக வழக்கங்களில் காங்கிரசு வற்புறுத்தல் கூடாது என்பது அவர்கள் கருத்து. இலண்டனில் காந்தியடிகளோடு நின்று எல்லார்க்கும் சமைத்த டாக்டர் ராஜன், தம் ஊரில் நடந்த வாக்கெடுப்பில் அப்பக்கம் நின்றது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. ஐயரை வைதிகர் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோரோடும் நான் உடன்படேன். அவர் தவறே செய்யவில்லை என்போரோடும் உடன்படேன். சிசிலித் தீவின் உழவர்க்காகத் துடித்த நெஞ்சுக்கு, அருகில் அமர்ந்த சிறுவனின் அவமதிப்பு உரிய காலத்தில் உறைக்கவில்லை. தொலைநாட்டைக் கண்டதால் அவர் கண் மங்கியது என்று நான் கருதவில்லை. இத்தாலிக்குக் கைக்கொண்ட அளவுகோலை வீட்டுக்கும் எடுத்துவர மறந்தார் என்றே கருதுகிறேன். ஐயர் குருகுலப் பொறுப்பினின்றும் விலகினார்.

அதன்பின் சில வாரங்களே அவர் வாழ்ந்தார். 1925 ஜூன் 3-ஆம் நாள் மாணவர்களோடு பாபநாசம் சென்றிருந்தபோது, கல்யாண தீர்த்தத்து அருவிநீரில் மகள் சுபத்திரை தவறி விழுந்தாள். காப்பாற்றக் குதித்த தந்தையும் மீளவில்லை. அப்போது அவருக்கு வயது 44.

டாக்டர் ராஜன் நெடுநாள் வாழ்ந்தார். 1930-இல் வேதாரணிய உப்புப் பயணம் திருச்சியில் அவர் இல்லத்திலிருந்தே புறப்பட்டது. பின்னர் அமைச்சராகவும் விளங்கி 1953-இல் மறைந்தார். ஐயர் பெல்லாரிச் சிறையில் எழுதிய கம்பன் ஆராய்ச்சியை 1950-இல் தில்லித் தமிழ்ச் சங்கம் அச்சிட்டது. வரகனேரியில் ஐயர் வாழ்ந்த வீடு இப்போது அரசின் நினைவில்லம். இவ்வாண்டு என் மாணவியரை அங்கே அழைத்துச் சென்றபோது, சேரன்மாதேவியில் தனியே உண்ட அவ்விரு சிறுவர்களும் பின்னர் என்ன ஆனார்கள் என்று ஒருத்தி கேட்டாள்.